எங்கள் வரலாற்று அறையைப் பழைய பேப்பருக்குப் போடாதீர்கள்: வலயக் கல்விப் பணிமனைக்கும் பாடசாலை நிர்வாகத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும், எங்கள் பாடசாலையின் அதிபர் அவர்களுக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினருக்கும்,

கடந்த தவணை விடுமுறையில் எங்கள் பாடசாலையின் வரலாற்று அறையைக் காலி செய்துவிட்டீர்கள். சுவரில் இருந்த வரைபடங்களைக் கழற்றி, அலுமாரிகளில் இருந்த ஏடுகளையும் கோப்புகளையும் உரச் சாக்குகளில் கட்டி, மைதானத்தோரம் இருக்கும் பழைய களஞ்சிய அறையில் போட்டிருக்கிறீர்கள். அந்த அறையின் தகரம் ஒழுகும் என்பது அங்கே ஒரு தவணை படித்த பிள்ளைக்கும் தெரியும். அடுத்த வாரம் நடந்த பெற்றோர் கூட்டத்தில், இனி வரும் உயர்தரப் பிரிவில் வரலாறு என்ற பாடமே இருக்காது என்றும் அறிவித்தீர்கள். இடம் போதாது, பிள்ளைகள் போதாது என்று காரணம் சொன்னீர்கள். களஞ்சியத்தில் கிடப்பதைப் பழைய பேப்பர் வாங்குபவருக்குக் கொடுத்துவிடலாம் என்ற பேச்சும் அந்தக் கூட்டத்தில் எழுந்ததாகப் பெற்றோர் சொல்கிறார்கள்.

நான் அந்தப் பாடசாலையில் தரம் 6 முதல் உயர்தரம் வரை படித்தவள். அம்மா கொழுந்து எடுத்தவர். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்து, இன்று பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். இந்த மடலைப் பழைய மாணவியாகத்தான் எழுதுகிறேன். என்னோடு படித்த பலர் இதை வாசித்துப் பார்த்து, அனுப்பு என்று சொன்னார்கள். பாடசாலையின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் வேண்டுமென்றேதான் எழுதாமல் விடுகிறேன். யாரையும் தலைகுனிய வைப்பது என் நோக்கமல்ல. உங்களுக்கு எது என்று தெரியும், அது போதும்.

அந்த அறையை உருவாக்கியவர் எங்கள் வரலாற்று ஆசிரியர். எங்களுக்கு அவர் ‘சேர்’ (சார்). ஓய்வு பெற்றுத் தன் சொந்த ஊரில் இருக்கிறார். இதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசமாட்டார். தான் செய்ததற்குத் தானே பரிந்து பேசுவது அவர் சுபாவத்தில் இல்லை. அதனால் நாங்கள் பேச வேண்டியிருக்கிறது.

சாக்குகளுக்குள் என்ன இருக்கிறது என்று அவற்றைக் கட்டியவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆகவே முதலில் அதைச் சொல்கிறேன்.

1950களையும் 60களையும் சேர்ந்த செக்ரோல் ஏடுகள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரவுப் பதிவும் சம்பளக் கணக்கும் எழுதிய ஏடுகள், இருக்கின்றன. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. 1992இல் மறுபடி தனியார் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. எங்கள் பக்கத்துத் தோட்டம் அப்படிக் கைமாறியபோது ஆபீசில் இருந்த பழைய ஏடுகளை எரிக்கக் கொண்டுபோனார்கள். கணக்கப்பிள்ளை ஒருவர் மனம் பொறுக்காமல் அவற்றில் சிலவற்றை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார். பல வருடம் அவர் வீட்டுப் பரணில் கிடந்த ஏடுகளைச் சேர் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு பக்கத்திலும் ஆட்களை மேற்பார்த்த கங்காணியின் பெயர், அவருக்குக் கீழே ஆட்களின் பெயர், யாருக்கு முழுப் பேர் (முழு நாள் சம்பளம்), யாருக்கு அரைப் பேர் (அரை நாள் சம்பளம்), யாருக்கு எவ்வளவு கடன் பிடித்தார்கள் என்ற கணக்கு எல்லாம் இருக்கிறது. சில இடங்களில் கைநாட்டு. மை மங்கியிருந்தாலும் ரேகை தெரியும்.

டின் டிக்கெட் ஒன்று இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்களின் கழுத்தில் கயிற்றில் கட்டிவிட்ட தகர வில்லை அது. எழுத்தும் இலக்கமும் குத்திய, துளை போட்ட சின்னத் துண்டு. சேர் அதை வகுப்பில் கைக்குக் கை கொடுத்துச் சுற்றவிடுவார். பெயர் எங்கே சேர் என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருப்பார்.

1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் எங்கள் தாத்தாமார் போட்ட விண்ணப்பங்களின் பிரதிகள் இருக்கின்றன. அவற்றை நிராகரித்து வந்த கடிதங்களும் இருக்கின்றன. எங்கள் மக்களை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பல் ஏறப் போனவர்கள் புறப்படும்முன் குடும்பமாக நின்று எடுத்த படங்கள் இருக்கின்றன. அப்படிப் போனவர்கள் கூடலூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. அங்கேயும் தேயிலைதான், அங்கேயும் லயம்தான் (தொழிலாளரின் வரிசை வீடு) என்று ஒரு கடிதத்தில் எழுதியிருக்கும்.

அப்புறம் கசெட்டுகள். இவைதான் எனக்கு மிகவும் பயமாக இருப்பவை. தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலிருந்து ஒவ்வொரு வருடமும் தரம் 10 பிள்ளைகள் தங்கள் வீட்டிலோ லயத்திலோ இருக்கும் வயதானவர் ஒருவரிடம் பேசி, பாடசாலை டேப் ரெக்கோடரில் பதிந்து வருவார்கள். உறையின் மேல் பிள்ளையின் கையெழுத்தில் தோட்டத்தின் பெயர், பிரிவு, பேசியவரின் வயது, தேதி. பேசியவர்களில் அநேகமாக ஒருவரும் இன்று உயிரோடு இல்லை. எங்கள் ஊர்க் குளிரில், ஈரத்தில், கசெட் நாடாவில் பூஞ்சணம் பிடிக்க ஒரு மழைக்காலம் போதும். அந்தக் கசெட்டுகளில் ஒன்றில் என் அப்பாயியின் (அப்பாவின் அம்மாவின்) குரல் இருக்கிறது.

இவ்வளவையும் சேர்த்த மனிதர் எப்படிப் பாடம் நடத்தினார் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அறையையும் பாடத்தையும் இரண்டு வெவ்வேறு விடயங்களாக நீங்கள் பார்க்கிறீர்கள். அவரிடம் படித்த எங்களுக்கு அவை ஒன்றுதான்.

கரும்பலகையின் வலது மூலையில் மூன்று கேள்விகள் எப்போதும் இருக்கும். யார் சொன்னது? எப்போது சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்? பலகையை யார் துடைத்தாலும் அந்த மூலையைத் துடைக்கமாட்டார்கள். ஒரு முறை ஒரு பையன் எழுந்து, தேயிலைத் தூருக்கடியில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று சொல்லித்தான் எங்கள் ஆட்களை ஏமாற்றிக் கூட்டி வந்தார்கள் என்றான். எங்கள் லயங்களில் எல்லாரும் கேட்டு வளர்ந்த கதை. சேர் சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மூன்று கேள்விகளையும் அவனிடமே கேட்டார். அவனுக்குத் தெரிந்தது அவன் தாத்தா சொன்னார் என்பது மட்டும்தான். சரி, அந்தக் கதை ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் காலத்தில் ஊரில் என்ன நடந்தது என்று பார்ப்போம் என்று தொடங்கினார். சென்னை மாகாணத்தில் 1876 முதல் 1878 வரை நடந்த பெரும் பஞ்சம், நிலமில்லாதவர்களின் கடன், கங்காணி கொடுத்த முற்பணம், அந்தக் கடனைச் சுமந்தபடி தோட்டம் விட்டுத் தோட்டம் மாற வைத்த துண்டு முறை, அது 1921இல் ஒழிந்தது என்று இரண்டு பாடவேளை போனது. முடிவில் அந்தப் பையனிடம், உன் தாத்தா சொன்ன கதை பொய்யில்லை, பசித்தவனுக்கு என்ன சொன்னால் வருவான் என்று அந்தக் கதை சொல்கிறது என்றார். அவனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

பாடநூலில் எங்கள் ஆட்களின் கதை சில பக்கங்களில் முடிந்துவிடும். அந்தச் சில பக்கங்களை அவர் எப்படி விரித்தார் என்று இன்றும் வியக்கிறேன். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார் என்று பாடநூல் சொல்லும். 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது என்று சொல்லும். இரண்டையும் மனப்பாடம் செய்தால் பரீட்சைக்குப் போதும். சேர் ஏன் என்று கேட்பார். கோப்பி பறிக்கும் காலம் வருடத்தில் சில மாதம்தான். ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்து, வேலை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். வழியில் காட்டிலேயே செத்தவர்களும் ஏராளம். தேயிலைக்கு வருடம் முழுவதும் ஆள் வேண்டும். கொழுந்து காத்திருக்காது. ஆகவே குடும்பங்கள் வந்தன, தங்கின, பிள்ளை பெற்றன, லயங்கள் நீண்டன. இதை எல்லாம் பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டிவிட்டு, நேரே 1948க்குப் போவார். இப்படித் தங்கிப்போன மக்களைத்தான் அந்த வருடத்துப் பிரஜாவுரிமைச் சட்டம், உன் அப்பா இங்கே பிறந்தார் என்பதற்கு ஆதாரம் காட்டு என்று கேட்டது. பிறப்பைப் பதிவு செய்யாத லயத்தில் யாரிடம் ஆதாரம் இருக்கும்? 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், அதற்கடுத்த தேர்தலில் வாக்கில்லாமல் நின்றார்கள். 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியா ஏற்கும், 300,000 பேரை இலங்கை ஏற்கும், மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று எழுதினார்கள். அந்த 150,000 பேரும் 1974இல் பாதிக்குப் பாதி பிரிக்கப்பட்டார்கள்.

பிறகு பேசலாம் என்று விட்டவர்களில் ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கலாம், போய்க் கேளுங்கள் என்றார் சேர். அன்று மாலை வகுப்பில் பாதிப் பேர் வீட்டுக்குப் போனதும் புத்தகப் பையை இறக்காமலே கேட்டிருப்பார்கள். நான் கேட்டேன். அப்பாயி இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். அண்ணன்மார் இரண்டு பேரும் கப்பல் ஏறிய கதையை அன்றுதான் முதல் தடவையாகச் சொன்னார். அதுவரை வீட்டில் யாரும் கேட்டதில்லை.

மலையகத் தொழிலாளரின் போராட்டங்களையும் அவர் இப்படித்தான் சொல்லித் தந்தார். ஹட்டனில் சங்கம் அமைத்த கோ. நடேசய்யரையும், துயரத்தைப் பாட்டாகக் கட்டித் தொழிலாளர் நடுவே கொண்டுபோன மீனாட்சியம்மையையும், 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த கோவிந்தனையும், 1977இல் டெவன் தோட்டத்தில் காணி பறிபோவதை எதிர்த்து நின்று உயிர்விட்ட சிவனு லட்சுமணனையும் எங்களுக்கு அவர்தான் அறிமுகப்படுத்தினார்.

ஆனால் அவர் எங்கள் கதையை மட்டும் சொல்லித் தந்தவர் அல்ல. இதை உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அநுராதபுரத்துக் குளங்களை விளக்கும்போது, குளத்து மதகின் கிணறு போன்ற அமைப்பான பிசோக்கொட்டுவ எப்படி நீரின் வேகத்தை அடக்கியது என்று சொல்லும்போது, அவர் கண்ணில் தெரியும் பெருமையை நாங்கள் பார்த்திருக்கிறோம். பொலன்னறுவைக்குச் சுற்றுலா கூட்டிப்போய், வேளைக்காரப் படையினரின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டின் முன்னால் எங்களை நிறுத்தினார். புத்தரின் புனிதத் தந்தத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்பதாகத் தமிழில் வெட்டிய கல். இந்த நாட்டின் வரலாற்றில் யாரும் தனியாக நின்றதில்லை என்று ஒரே வசனம் சொல்லிவிட்டு நகர்ந்தார். இரத்தம் கொதிக்கிற வயதில் இருந்த எங்களுக்கு அந்த ஒரு வசனம் எவ்வளவு தேவைப்பட்டது என்பது பிறகுதான் புரிந்தது.

மஸ்கெலியாவுக்குப் போனதையும் சொல்ல வேண்டும். 1960களின் பிற்பகுதியில் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போய்விட்டது. கடும் வெயில் காலத்தில் தண்ணீர் வற்றினால் பழைய கோயிலின், பள்ளிவாசலின், விகாரையின் சிதைவுகள் வெளியே வரும். அப்படி ஒரு வரட்சியில் சேர் எங்களைக் கூட்டிப்போனார். பாளம் பாளமாக வெடித்த சேறு. பழைய நகரத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர் ஒருவரையும் அழைத்திருந்தார். இங்கே ரொட்டிக் கடை, இங்கே தையல் கடை, இந்த வழியாகத்தான் தேர் திரும்பும் என்று அவர் சேற்றில் நடந்து நடந்து காட்ட, நாங்கள் பின்னாலேயே போய்க் கொப்பியில் வரைந்தோம். திரும்பி வந்து எல்லார் கொப்பியையும் ஒப்பிட்டுப் பெரிய வரைபடம் ஒன்று தயாரித்தோம். ஒன்றுக்கொன்று பொருந்தாத இடங்களைச் சேர் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்தார். அழித்துத் திருத்தவில்லை. உங்கள் ஆட்கள் சுவரிலிருந்து கழற்றிய வரைபடங்களில் அதுவும் ஒன்று.

எனக்கு அவர் செய்ததைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் என்னைக் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்கு அனுப்ப வீட்டில் பேச்சு முடிந்துவிட்டது. சேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசி பஸ் தரிப்பிலிருந்து மேலே ஏறி எங்கள் லயத்துக்கு வந்தார். அப்பாவிடம் புத்திமதி சொல்லவில்லை. இஸ்தோப்பில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார். அப்பாயியிடம் அவர் சின்ன வயதைப் பற்றிக் கேட்டு டேப் ரெக்கோடரை ஓடவிட்டார். அப்பாயி பேசப் பேச அப்பாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். தன் தாய் படிக்க ஆசைப்பட்டுப் பிள்ளைக் காம்பிராவோடு (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தோடு) நின்றுபோனதை அப்பா அன்றுதான் கேட்டார். போகும்போது சேர், “இவ படிக்கட்டும், பஸ் காசுதான் கஷ்டம்னா நான் பாத்துக்கிறேன்” என்று மட்டும் சொன்னார். நான் கொழும்புக்குப் போகவில்லை. எங்கள் வகுப்பில் இப்படி அவர் வீடு தேடிப் போனதால் படித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒருத்தி சட்டத்தரணி, ஒருவன் கிராம அலுவலர், மூன்று பேர் ஆசிரியர்கள். வரலாறு படித்து என்ன வேலை கிடைக்கும் என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டார்களாம். எங்களைக் கூப்பிட்டால் வந்து பதில் சொல்வோம்.

2003இல் இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தபோது நாங்கள் உயர்தர வகுப்பில் இருந்தோம். 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர்களுக்கும் அவர்களின் சந்ததிக்கும் உரிமை உண்டு என்றது சட்டம். சேர் அந்த வார இறுதிகளில் எங்களைத் தோட்டம் தோட்டமாகக் கூட்டிப்போனார். படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நாங்கள் நிரப்பினோம். ஒரு தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் (காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் இடம்) ஒரு மூதாட்டி படிவத்தைத் தொடவே பயந்தார். என்கிட்ட ஒரு கடுதாசியும் இல்லையே, எப்பிடி ஐயா என்னை நம்புவாங்க என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். சேர் அவர் பெயரையும் கங்காணியின் பெயரையும் கேட்டார். அடுத்த ஞாயிறு 1961ஆம் ஆண்டின் செக்ரோல் ஏட்டைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். பக்கத்தைத் திறந்து விரலை வைத்து, “அம்மாயி, நீங்க இங்கதான் இருந்திருக்கீங்க, எழுதியிருக்கு பாருங்க” என்றார். அந்த அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அவர் வைத்த கைநாட்டு அந்த வரியில் இருந்தது. தன் பெருவிரலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

அந்த ஏடு இன்று உரச் சாக்கில் இருக்கிறது.

கடுதாசி இல்லை என்பதற்காக எங்கள் மக்கள் 55 வருடம் நாடற்றவர்களாக்கப்பட்டார்கள், அல்லது அந்தப் பயத்திலேயே வாழ்ந்தார்கள். ஒரு கடுதாசியையும் தொலைக்காதே, யார் எழுதியது என்று பார், பத்திரப்படுத்து என்று ஒரு ஆசிரியர் தன் உத்தியோக காலம் முழுவதும் எங்களுக்குச் சொல்லித் தந்தார். அவர் போன பிறகு அந்தப் பாடசாலையே கடுதாசிகளைக் கிலோ கணக்கில் போடப் பார்க்கிறது. இதை எப்படி நாங்கள் பார்த்துக்கொண்டிருப்பது?

இது பழைய கதை என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். என் அலுவலக மேசைக்கு இன்றும் அதே கதைதான் வருகிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர். ஒரு லயத்துக்கே ஒரு விலாசம். 7 பேர்ச் காணிக்கு உறுதிப்பத்திரம் கிடைக்கும் என்று காத்திருப்பவரிடம் பெற்றோர் எங்கே எப்போது வசித்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. இப்படி வருபவர்களைச் சில உத்தியோகத்தர்கள் திட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஏன் இவர்களிடம் கடுதாசி இல்லை என்று தெரிந்தவர் திட்டமாட்டார். எனக்கு அது தெரியும், ஏனென்றால் எனக்கு வரலாறு படிப்பித்த ஒருவர் இருந்தார்.

நீங்கள் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன். அந்த அறையைக் கணினி அறையாக்கப் போகிறீர்கள். கணினி அறை வேண்டாம் என்று நாங்கள் ஒருபோதும் சொல்லமாட்டோம், எங்கள் பிள்ளைகளும் அங்கேதான் படிக்கிறார்கள். ஆனால் புதிய கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு அறை உடைந்த கதிரைகளோடு பூட்டிக் கிடக்கிறது. அதைக் காலி செய்ய நாங்களே ஆள் தருகிறோம். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்கிறீர்கள். ஏன் குறைந்தார்கள்? சேர் ஓய்வு பெற்ற பிறகு வரலாற்றுக்கென்று நிரந்தர ஆசிரியர் ஒருவரும் வரவில்லை. புவியியல் ஆசிரியர் கொஞ்ச நாள் பார்த்தார், சமய ஆசிரியர் கொஞ்ச நாள் பார்த்தார், பிறகு பாடவேளை வெறுமனே போனது. வசதியுள்ள பிள்ளைகள் நகரத்துப் பாடசாலைக்குப் போனார்கள். பஸ்ஸுக்குக் காசில்லாத பிள்ளைகள் வேறு பாடம் எடுத்தார்கள். ஆசிரியரைத் தராததால் பிள்ளைகள் குறைந்தார்கள். இப்போது பிள்ளைகள் குறைந்ததால் ஆசிரியர் வேண்டாம் என்கிறீர்கள். உயர்தரத்தை விடுங்கள், சாதாரண தரத்தில் வரலாறு கட்டாய பாடம். தரம் 6 முதல் 11 வரை அதை யார் படிப்பிக்கப் போகிறார்கள் என்பதற்கும் அந்தக் கூட்டத்தில் பதில் இல்லை.

ஒன்றையும் நினைவூட்ட விரும்புகிறேன். 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டுகளை முன்னிட்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நடந்தது. ஓகஸ்ட் 12ஆம் திகதி அது மாத்தளையில் நிறைவடைந்தது. அந்த மாதம் நம் பாடசாலையிலும் கண்காட்சி வைத்தீர்கள். அதில் இருந்த கூடை, கவ்வாத்துக் கத்தி, கம்பளி, டின் டிக்கெட் எல்லாம் இந்த அறையிலிருந்துதான் போயின. வலயத்திலிருந்து வந்த அதிகாரிகள் அவற்றின் முன்னால் நின்று படம் எடுத்தார்கள், பிள்ளைகளைப் பாராட்டிப் பேசினார்கள். அந்தப் பாராட்டு மனதார வந்தது என்றே நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கையில்தான் கீழே உள்ளவற்றைக் கேட்கிறேன்.

அதிபர் அவர்களே, இந்த வாரமே அந்தச் சாக்குகளை ஒழுகாத ஒரு இடத்துக்கு மாற்றுங்கள். கசெட்டுகளை முதலில் எடுங்கள். எதையும் விற்பதில்லை, எரிப்பதில்லை, கழிப்பதில்லை என்று எழுத்தில் அறிவியுங்கள். தூக்குவதற்கும் உலர்த்துவதற்கும் பழைய மாணவர்கள் நாங்கள் எந்தச் சனிக்கிழமை என்றாலும் வருவோம். உங்கள் அனுமதி மட்டும் வேண்டும்.

அபிவிருத்திச் சங்கத்தினரே, மேல்மாடி அறையை வரலாற்று அறையாக ஒதுக்கத் தீர்மானம் எடுங்கள். பொருட்களைப் பட்டியலிடும் வேலையை மேல் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து நாங்கள் செய்கிறோம். யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது என்று சேர் ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி வைத்திருந்தார். சாக்கில் கட்டியபோது அந்தச் சீட்டுகள் கலந்திருக்கும். ஆகவே அவர் நலமாக இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். ஏடுகளையும் குரல்பதிவுகளையும் மின்வடிவில் சேமிக்க, தமிழ் ஆவணங்களை இணையத்தில் பாதுகாக்கும் ‘நூலகம்’ என்ற நிறுவனத்திடமும், பாதுகாக்கும் முறை பற்றித் தேசிய சுவடிகள் காப்பகத் திணைக்களத்திடமும் உதவி கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். வரைவை நாங்கள் தருகிறோம்.

பணிப்பாளர் அவர்களே, உயர்தர வரலாற்றை நிறுத்தும் முடிவை மீளப் பெறுங்கள். தமிழ்மொழி மூல வரலாற்று ஆசிரியர் ஒருவரை இந்தப் பாடசாலைக்கு நியமியுங்கள். அது உடனே முடியாது என்றால், பக்கத்துப் பாடசாலையில் இருக்கும் ஆசிரியரை வாரத்தில் இரண்டு நாளாவது இங்கே இணைத்துவிடுங்கள். அதுவரை இடைவெளியை நிரப்ப வரலாற்றுப் பட்டதாரிகளான பழைய மாணவர்கள் சம்பளமில்லாமல் வரத் தயார். அதற்கு வலயத்தின் அனுமதிக் கடிதம் தேவை. நிரந்தர நியமனத்துக்கு இது மாற்றீடாகிவிடக் கூடாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

உயர்தரப் புதிய பிரிவுக்குப் பாடத் தெரிவுப் படிவம் கொடுக்கும் நாள் நெருங்குகிறது. அதற்கு முன் பெற்றோரையும் பழைய மாணவர்களையும் அழைத்து ஒரு கூட்டம் வையுங்கள். திகதியை எழுத்தில் அறிவியுங்கள். அந்தக் கூட்டம் முடியும்வரை, படிவத்தில் வரலாறு என்ற வரியை நீக்காமல் விடுங்கள்.

இப்படிக்கு,
பாடசாலையின் பழைய மாணவி